இருபது வயதில் மார்பக இம்பிளான்ட் வைத்துக்கொள்ளலாமா?

மகளிர் நலம்: வாசகியர் கேள்விக்கு மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 20. கோவையில் விடுதியில் தங்கி, கல்லூரி இறுதியாண்டு படிக்கிறேன். என் மார்பகங்கள் மிகவும் சிறியவை. இடப்பக்கம் இன்னும் சற்றுச் சிறியது. பள்ளியில் தொடங்கிய கேலி விடுதியிலும் தொடர்கிறது. அடுத்த ஆண்டு வீட்டில் வரன் பார்க்கப் போகிறார்கள். அதற்குள் சிலிக்கான் வைத்துப் பெரிதாக்கிக்கொள்ள நினைக்கிறேன். செலவை ஏற்றுக்கொள்வதாகச் சித்தி சொல்கிறார், அம்மாவுக்குத் தெரியாது. செய்துகொள்ளலாமா, டாக்டர்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அழகுக்காக அறுவை சிகிச்சை செய்துகொள்வதில் தவறோ வெட்கமோ எதுவும் இல்லை. அது உங்கள் உடல், முடிவும் உங்களுடையதே. ஆனால், உங்கள் கடிதத்தில் ‘அதற்குள்’ என்ற ஒரு சொல் என்னை உறுத்துகிறது. வரன் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நாள் குறிப்பது, இன்னும் முகம்கூடத் தெரியாத ஒருவருக்காக உங்கள் உடலில் கத்தி வைத்துக்கொள்வதாகும். இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து.

முதலில் வயதைப் பாருங்கள். மார்பக வளர்ச்சி சிலருக்கு இருபதுகளின் தொடக்கம் வரை நீடிக்கிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், அழகுக்காக வைத்துக்கொள்வோருக்கு உப்புநீர் நிரப்பிய இம்பிளான்டை (மார்பகத்துக்குள் வைக்கும் செயற்கைப் பையை) 18 வயது முதலும், நீங்கள் கேட்கும் சிலிக்கான் ஜெல் வகையை 22 வயது முதலும்தான் அனுமதித்திருக்கிறது. உடல் எடை கூடினாலோ, பின்னாளில் கருவுற்றாலோ மார்பகத்தின் அளவும் வடிவமும் மாறும். இன்றைய உடலுக்குப் பொருந்துவது அன்று பொருந்தாமல் போகலாம். இரு பக்கமும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில் இருக்கும் பெண்கள் அரிது என்பதால், சிறிய வேறுபாட்டை நினைத்துக் கலங்க வேண்டியதில்லை. ஆனால், ஒரு பக்கம் வளரவே இல்லை என்று தோன்றினாலோ, அந்தப் பக்கத்து மார்புத் தசையும் மெலிந்திருந்தாலோ, அது பிறவிக் குறைபாடாக இருக்கலாம். அப்படியானால் தயங்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இம்பிளான்ட், ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடக்கூடிய பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆயுள் முழுவதும் உழைக்கும் பொருள் அல்ல. இருபது வயதில் வைத்துக்கொள்பவர், மாற்றவோ எடுக்கவோ மீண்டும் ஒருமுறையாவது அறுவை மேசையில் படுக்க நேரிடும் என்று எண்ணிக்கொள்வதே சரி. அந்தப் பொருளைச் சுற்றி உடல் தழும்புத் திசுவால் ஓர் உறையைக் கட்டிக்கொள்கிறது; சிலருக்கு அந்த உறை இறுகி, மார்பகம் கல்லுப்போல் ஆகி வலியெடுக்கும். ஜெல் பை உள்ளே கிழிந்தாலும் வெளியே ஓர் அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம் என்பதால், 5 அல்லது 6 ஆண்டுகளில் முதல் ஸ்கேனும், பிறகு 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை அடுத்தடுத்த ஸ்கேன்களும் எடுக்க வேண்டும். காம்பில் உணர்ச்சி குறையலாம்; தாய்ப்பால் கொடுப்பதும் சிலருக்குச் சிரமமாகலாம். சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட இம்பிளான்டுகளைச் சுற்றி அரிதாக ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் வருவது தெரியவந்து, 2019இல் ஒரு நிறுவனத்தின் அத்தகைய தயாரிப்புகள் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன.

நம் நாட்டு மருத்துவக் காப்பீடு பொதுவாக அழகுச் சிகிச்சையை ஏற்பதில்லை. முதல் அறுவைக்குச் சித்தி தருவார். ஸ்கேன்களுக்கும் அடுத்த அறுவைக்கும் யார் தருவது என்று அவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

காத்திருக்கும் நாட்களில் செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. 250 மில்லி இம்பிளான்ட் ஒன்று ஏறக்குறைய கால் கிலோ இருக்கும். இரண்டு மெல்லிய துணிகளில் கால் கால் கிலோ அரிசியை முடிந்து, சற்றுப் பெரிய உள்ளாடைக்குள் வைத்து, விடுமுறையில் இரண்டு நாள் உங்கள் அறையில் நடமாடுங்கள். குனியுங்கள், படுத்துப் பாருங்கள். அந்தக் கனத்தோடு வாழ உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்பது அப்போது ஓரளவு புரியும்.

22 வயதுக்குப் பிறகும் ஆசை மாறாதிருந்தால், எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி போன்ற முறையான பட்டம் பெற்றவரா என்று மருத்துவக் கவுன்சில் பதிவில் சரிபார்த்துவிட்டுச் செல்லுங்கள். இடையில் எண்ணெய், க்ரீம், மாத்திரை விளம்பரங்களை நம்பிப் பணத்தை வீணாக்காதீர்கள். கேலியால் வெளியே போகவே கூசும் நிலைக்கு வந்திருந்தால், முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்த வேதனையைக் கத்தியால் அறுத்தெடுக்க முடியாது.

இதை அம்மாவிடம் மறைக்கவும் வேண்டாம். அறுவைக்குப் பிறகு சில வாரங்களுக்கு ஒரு வாளித் தண்ணீரைக்கூடத் தூக்கக் கூடாது. முதல் சில நாட்கள் கையை உயர்த்தித் தலை சீவிக்கொள்வதே கடினம். என்றாவது செய்துகொண்டால், அந்த நாட்களில் உங்களுக்குத் தலை பின்னிவிடப் போகிறவர் அவர்தான். இந்த விடுமுறையிலேயே அவரிடம் பேசுங்கள்.