உபுண்டுவில் ரெஜிஸ்ட்ரி எங்கே?

அப்படி ஒன்று உபுண்டுவில் கிடையாது. விண்டோஸ் பெரும்பாலான செட்டிங்ஸை ரெஜிஸ்ட்ரியில் குவித்து வைக்கும். உபுண்டு போன்ற லினக்ஸில் பெரும்பாலும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனி பைல். மொத்தக் கணினிக்கானவை 'ஈடிசி' போல்டரில், உங்களுக்கானவை 'ஹோம்' என்ற உங்கள் சொந்த போல்டருக்குள்.

நிலாவெளிக் கடையின் புது லப்டொப்புக்கு ஹோமிலிருந்த எல்லாவற்றையும் தெரிவுசெய்து கொப்பி பண்ணியும் செட்டிங்ஸ் வரவில்லை என்கிறீர்கள். புள்ளியில் தொடங்கும் போல்டர்கள் விடுபட்டிருக்கும். அவை கண்ணில் படாது. (உவர்மலையில் நானும் ஓர் இரவு முழுக்க இதோடு மல்லுக்கட்டியவன்.)

பழைய டிஸ்கில் ஹோமைத் திறந்து, கண்ட்ரோல் (Ctrl) கீயையும் H கீயையும் சேர்த்து அழுத்துங்கள். '.கான்ஃபிக்' தெரிந்தால் அதையும் எடுங்கள். ஃபயர்பாக்ஸ் மட்டும் வேறு கதை: உபுண்டு 22.04 முதல் அது ஹோமில் உள்ள 'ஸ்னாப்' போல்டருக்குள் இருக்கும்.

அப்புறம், '.கான்ஃபிக்'குக்குள் உள்ள டிகான்ஃப் பைலை எடிட்டரில் திறந்து மாற்ற வேண்டாம். உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோமின் செட்டிங்ஸ் அதில்தான். டெக்ஸ்ட் அல்ல, பைனரி.