தம்பிக்கு மஞ்சள் காமாலை, கவலை யாருக்காக?

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு மஞ்சள் காமாலை. ஹெபடைடிஸ் ஈ (கல்லீரலைத் தாக்கும் ஒரு கிருமித் தொற்று) என்று சொல்லி, மருந்து எதுவும் எழுதாமல் ஓய்வெடுக்க அனுப்பிவிட்டார்கள். அவன் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. அப்பா மாற்று சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர். எல்லோரும் ஒரே வீடு. தம்பியை வேறு டாக்டரிடம் காட்டட்டுமா?

பதில்: வேண்டாம். மருந்து எழுதாத அந்த டாக்டர் சரியாகத்தான் செய்திருக்கிறார். ஆரோக்கியமான உடம்பு இந்தக் கிருமியைச் சில வாரங்களில் தானே விரட்டிவிடும். மது கூடாது. தானாக வாங்கிப் போடும் மாத்திரை, மூலிகைப் பொடி எதுவும் கூடாது. பேச்சில் குழப்பம், ஓயாத தூக்கம், இரத்தக்கசிவு தெரிந்தால் மட்டும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

எனக்குக் கவலை மற்ற இருவரைப் பற்றித்தான். இது பெரும்பாலும் அசுத்தமான தண்ணீரால் வருவது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நேரடியாகத் தொற்றுவது குறைவு. ஆனால் தம்பி குடித்த தண்ணீரைத்தானே அவர்களும் குடித்திருப்பார்கள்? தொற்றியபின் அறிகுறி தெரிய 2 முதல் 10 வாரம் வரை ஆகலாம். அதனால் இன்று நன்றாக இருக்கிறார்கள் என்று விட்டுவிட முடியாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

தம்பி மனைவிக்கு வாந்தி, அசதி, அடர் மஞ்சளாகச் சிறுநீர் என்று எது வந்தாலும் 'கர்ப்பத்தில் இதெல்லாம் சகஜம்' என்று இருக்காதீர்கள். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இந்த நோய் வந்தால் 20 முதல் 25 சதவீதம் வரை உயிரிழப்பு நேரலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அன்றே கல்லீரல் பரிசோதனையும், இரத்தம் உறையும் நேரத்துக்கான பரிசோதனையும் செய்ய வேண்டும். பிரசவ வசதியும் தீவிர சிகிச்சைப் பிரிவும் ஒன்றாக உள்ள இடமாகப் பாருங்கள்.

அப்பா கதை வேறு. அவரைப் போல, மாற்றுச் சிறுநீரகம் நிலைக்க எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கண் மஞ்சளாகாமலே கிருமி மாதக்கணக்கில் தங்கி, கல்லீரலைச் சுருங்க வைத்துவிடலாம். இப்படித் தங்குவது பெரும்பாலும் இந்தக் கிருமியின் 3-ஆம் வகை. அது தண்ணீரைவிட, சரியாக வேகாத பன்றி இறைச்சி வழியாகத்தான் அதிகம் வருகிறது. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் பொருளைத் தேடும் ஆன்டிபாடி பரிசோதனை இவர்களுக்கு ஏமாற்றும், கிருமியையே தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனை கேளுங்கள். தொற்று தங்கிவிட்டது என்று உறுதியானால் முதலில் அந்த மாத்திரைகளின் அளவைக் குறைத்துப் பார்ப்பார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அதுவே போதும். நீங்களாகக் குறைத்தால் சிறுநீரகம் போய்விடும், ஜாக்கிரதை! அதற்கும் கிருமி போகாவிட்டால் மூன்று மாதம் ரிபாவைரின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து. இரத்தசோகை வரும் என்பதால் அடிக்கடி இரத்தம் பார்க்க வேண்டும்.

அதே ரிபாவைரின் வயிற்றிலிருக்கும் குழந்தையைச் சிதைக்கும். மாமனாரைக் காப்பாற்றும் மருந்து மருமகளுக்கு ஆகவே ஆகாது. ஆகவே தம்பியின் பரிசோதனைச் சீட்டை எடுத்துக்கொண்டு, அப்பாவின் சிறுநீரக டாக்டரையும் தம்பி மனைவியின் மகப்பேறு டாக்டரையும் இந்த வாரமே பாருங்கள்.