டிராஃப்டில் பெயர் வராத டிஃபென்ஸ் வீரரின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லின் அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் 2025 ஜூனில் நடந்தது, அதில் தம்பியின் பெயர் வரவில்லை. அன்றிலிருந்து அப்பாவும் பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவனை வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்த்துவிடலாமா, இல்லை இன்னும் இரண்டு வருடம் ஒன்டாரியோ ஜூனியர் லீக்கான ஓஎச்எல்லில் ஆட விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். "வாய்ப்பு இல்லை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், மனதைத் தேற்றிக்கொள்கிறோம்" என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

வாய்ப்பு இருக்கிறது அம்மா. ஆனால் அது எந்த வயதில் வரும் என்று நீங்கள் போட்டு வைத்திருக்கும் கணக்கு டிஃபென்ஸ், அதாவது தடுப்பாட்டம், ஆடுபவருக்குப் பொருந்தாது. 18 வயதில் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. 22, 23 வரை பொறுக்க வேண்டும். அதுவரை படிப்பும் நிற்காமல் நடக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து நடத்த முடியுமா என்பதுதான் உங்கள் வீட்டில் பேச வேண்டிய விஷயம்.

மேத்யூ ஷேஃபரைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததையும் பார்த்தேன். ஹாமில்டன் பையன், ஈரி ஆட்டர்ஸ் அணியின் டிஃபென்ஸ் வீரர். அதே டிராஃப்டில் முதல் ஆளாக நியூயார்க் ஐலண்டர்ஸ் அவரை எடுத்தது, அக்டோபரிலேயே என்எச்எல்லில் இறங்கிவிட்டார். 2014-இல் ஆரன் எக்பிளாடும் அப்படித்தான் வந்தார். அவரை 15 வயதிலேயே தனி அனுமதி கொடுத்து ஓஎச்எல்லில் சேர்த்தார்கள். இவர்களெல்லாம் அபூர்வம். தம்பியை இவர்களோடு நிறுத்திப் பார்த்தால் நல்ல பிள்ளையும் தோற்றவனாகத்தான் தெரிவான். டிராஃப்டில் 32 அணிகள், 7 சுற்று, மொத்தம் 224 பெயர்கள். கனடா, அமெரிக்கா, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யா, செக் என்று எல்லா நாட்டுப் பிள்ளைகளும் அதற்குள் அடக்கம். அதில் பெயர் வராதது வருத்தம்தான். அதற்காகக் கதவு மூடிவிடவில்லை. தம்பியின் வயதுக்கு 2026-லும் 2027-லும் அதே டிராஃப்டில் எடுக்கலாம். அதற்குப் பிறகும் எந்த அணியோடும் நேரடியாக ஒப்பந்தம் போடலாம்.

டிஃபென்ஸ் வீரர்கள் ஏன் தாமதமாகத் தேறுகிறார்கள்? அடுத்த முறை தம்பியின் ஆட்டத்துக்குப் போகும்போது ஒரே ஒரு காட்சியை மட்டும் கவனியுங்கள். எதிரணி பக்கை, அதாவது அந்த ரப்பர் வட்டை, நம் மூலைக்கு அடித்துத் தள்ளும். தம்பி முதுகைக் காட்டித் திரும்பி அதை எடுக்க ஓடுவான். பின்னாலேயே ஒருவன் முழு வேகத்தில் வருவான். பக்கைத் தொடுவதற்கு முன்னால் தம்பி தோளுக்கு மேலாக ஒரு முறை, முடிந்தால் இரண்டு முறை, திரும்பிப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து ஆள் வருகிறான், தன் ஜோடி எங்கே நிற்கிறான், நடுவில் ஆடும் சென்டர் வீரன் உதவிக்கு இறங்கிவிட்டானா என்பதெல்லாம் அந்த அரை நொடிக்குள் மனதில் பதிய வேண்டும். அப்புறம்தான் பாஸ் கொடுப்பதா, ஓரச் சுவரான போர்டில் அடித்து வெளியேற்றுவதா, வலைக்குப் பின்னால் சுற்றுவதா என்ற முடிவு. திரும்பிப் பார்க்காமல் எடுத்தால் இடி விழும், இல்லை பக் பறிபோய் நம் வலையில் கோலாகும்.

இந்தப் பார்வை பயிற்சி முகாமில் வருவதில்லை. நூற்றுக்கணக்கான ஆட்டங்களில் தப்புச் செய்து, திருத்தி, அதன் பிறகு வருகிறது. கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் போலத்தான் இந்த இடமும். நன்றாக ஆடினால் யார் கண்ணிலும் படாது, ஒன்று நழுவினால் அரங்கம் முழுக்கப் பார்க்கும். அதனால்தான் எந்தக் கோச்சும் 18 வயதுப் பையனை வளர்ந்த ஆட்களுக்கு எதிரே நிறுத்தத் தயங்குகிறார். உடம்பும் ஒரு காரணம். வலைக்கு முன்னால் நிற்கும் 30 வயது ஆளைத் தள்ளி நகர்த்த வேண்டுமென்றால் எலும்பும் தசையும் முற்றியிருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரர் மார்க் ஜோர்டானோவின் கதையைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். உங்கள் ஊர்தான், டொரண்டோவில் பிறந்தவர். 18 வயதில் அவர் ஓஎச்எல்லில்கூட இல்லை, பிராம்ப்டனில் அதற்குக் கீழ்நிலையான ஜூனியர் ஏ ஆடிக்கொண்டிருந்தார். 19-இல்தான் ஓவன் சவுண்ட் அணிக்கு வந்தார். இரண்டு சீசன் ஆடினார். எந்த வருட டிராஃப்டிலும் அவரை யாரும் எடுக்கவில்லை. சரி, போதும் என்று யார்க் பல்கலைக்கழகத்தில் வணிகம் படிக்கத் திரும்பிய நேரத்தில்தான், 2004 கோடையில், கால்கரி ஃபிளேம்ஸ் தன் முகாமுக்கு அழைத்தது. அங்கிருந்து என்எச்எல்லுக்கு ஒரு படி கீழே இருக்கும் ஏஎச்எல். முதலில் லோவல், அடுத்து ஒமாஹா. 2006 ஜனவரியில் முதல் என்எச்எல் ஆட்டம்.

அதோடு எல்லாம் நேராகிவிடவில்லை. 2007-இல் கால்கரி நீட்டிய ஒப்பந்தம் டூ-வே. அதாவது மேலே ஆடினால் ஒரு சம்பளம், கீழே ஏஎச்எல்லுக்கு அனுப்பினால் வேறு சம்பளம். அவர் ஒத்துக்கொள்ளாமல் ஒரு சீசன் மாஸ்கோ டைனமோவுக்குப் போய் ஆடினார். அடுத்த வருடமே கால்கரிக்குத் திரும்பினார், 2013-இல் அதே அணிக்குக் கேப்டன் ஆனார். என்எச்எல்லின் சிறந்த டிஃபென்ஸ் வீரருக்கான நாரிஸ் விருதை 2019-இல் வாங்கியபோது அவருக்கு 35 வயது. அப்புறம் சியாட்டில் கிராக்கனின் முதல் கேப்டன், கடைசியில் சொந்த ஊரான டொரண்டோ. ஆயிரத்துக்கும் மேற்பட்ட என்எச்எல் ஆட்டங்கள்.

எல்லாப் பிள்ளையும் ஜோர்டானோ ஆகிவிடுவான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த 2004 கோடையில் அவர் கையில் இரண்டு கதவு இருந்தது. முகாம் கைகொடுக்காவிட்டால் படிப்பு காத்திருந்தது. அதனால் பயமில்லாமல் போய் ஆட முடிந்தது. தம்பிக்கும் அந்த நிலைமையை உண்டாக்கித் தருவதுதான் உங்கள் வேலை.

இன்னொருவர் டங்கன் கீத். 2002-இல் சிகாகோ அவரை 54-ஆவது ஆளாக எடுத்தது. எடை குறைவு, மெலிந்த உடம்பு. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கொஞ்ச காலம், கெலோனா என்ற ஜூனியர் அணியில் கொஞ்ச காலம், அப்புறம் நார்ஃபோக் என்ற ஏஎச்எல் அணியில் முழுதாக இரண்டு சீசன். 2005 அக்டோபரில்தான் என்எச்எல்லுக்கு வந்தார். சிகாகோவோடு என்எச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை மூன்று, தன் பெயரில் இரண்டு நாரிஸ் விருது. "கீழே அனுப்பிவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால் பதறாதீர்கள். டிஃபென்ஸ் வீரருக்கு ஏஎச்எல்தான் பட்டறை.

சரி, தம்பிக்கு இப்போது என்ன வழி?

முதலில் படிப்பையும் ஆட்டத்தையும் எதிரெதிராக நிறுத்துவதை விடுங்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவுக் கல்லூரிகள் ஓஎச்எல் ஆடியவர்களையும் சேர்த்துக்கொள்கின்றன. அதற்கு முன்பெல்லாம் ஓஎச்எல்லில் ஆடிவிட்டால் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கி கனவை மறந்துவிட வேண்டியதுதான். 15, 16 வயதிலேயே இது வேண்டுமா அது வேண்டுமா என்று குடும்பங்கள் தவித்தன. கேல் மக்கார் அந்தக் காலத்துப் பிள்ளை. கல்லூரி வழியை விடக் கூடாது என்று ஓஎச்எல் போன்ற மேஜர் ஜூனியர் லீக்குகள் பக்கம் போகாமல் ஆல்பர்ட்டாவில் புரூக்ஸ் பேண்டிட்ஸ் என்ற ஜூனியர் ஏ அணிக்கு ஆடினார். 2017-இல் கொலராடோ அவரை நான்காவது ஆளாக எடுத்த பிறகும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் இருந்தார். இன்று தம்பிக்கு அந்த இக்கட்டு இல்லை. இந்த சீசனை முடித்துவிட்டு 19 வயதில் கல்லூரிக்குப் போகலாம்.

என் கருத்து, தம்பிக்கு இதுதான் பொருத்தம். காரணம் சொல்கிறேன். ஓஎச்எல்லில் சீசனுக்கு 68 ஆட்டம், ராத்திரி முழுக்கப் பேருந்துப் பயணம். உடம்பை ஏற்ற நேரம் கிடைப்பதில்லை. கல்லூரியில் அதில் பாதியளவு ஆட்டங்கள்தான், பெரும்பாலும் வெள்ளி, சனிக்கிழமைகளில். வாரத்தின் மற்ற நாள்களில் வகுப்பும் ஜிம்மும். நீங்கள் அனுப்பிய குறிப்பில் தம்பி கடந்த ஒன்றரை வருடத்தில்தான் உயரமானான், எடை இன்னும் பிடிக்கவில்லை என்று இருக்கிறது. அவனுக்கு வேண்டியது இந்த ஏற்பாடுதான். கூடவே வலது கையால் அடிப்பவன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வலது கை டிஃபென்ஸ் வீரர்கள் எங்குமே குறைவு, தேடித் தேடிப் பார்ப்பார்கள்.

ஆனால் இதற்கு மதிப்பெண் வேண்டும். என்சிஏஏ முதல் பிரிவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புக்குள் 16 முக்கியப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும், அதில் குறிப்பிட்ட சராசரியும் வேண்டும். தம்பி பயணத்துக்கு இடையில் பள்ளியை முடித்தவன். எந்தப் பாடம் கணக்கில் சேரும், எது சேராது என்று உடனே சரிபாருங்கள். இதில் கோட்டைவிட்ட நல்ல ஆட்டக்காரர்கள் உண்டு.

அமெரிக்கா வேண்டாம், செலவு பயமாக இருக்கிறது என்றால் கனடாவிலேயே பல்கலைக்கழக விளையாட்டு அமைப்பான யு ஸ்போர்ட்ஸ் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் ஆசைப்படும் வாட்டர்லூவுக்கே ஹாக்கி அணி உண்டு. டொரண்டோ மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழக அணி முன்பு என்எச்எல் ஆட்டங்கள் நடந்த பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடத்திலேயே ஆடுகிறது. ஓஎச்எல்லில் ஆடும் ஒவ்வொரு சீசனுக்கும் ஓர் ஆண்டு உயர்கல்விக்கான உதவித்தொகை சேர்கிறது. தம்பி மூன்றாவது சீசனில் இருக்கிறான், அது சின்னத் தொகை இல்லை. யு ஸ்போர்ட்ஸிலிருந்து என்எச்எல் போவது அரிதுதான். ஜோயல் வார்டு என்ற ஃபார்வர்டு பிரின்ஸ் எட்வர்ட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் ஆடிப் படித்துவிட்டு என்எச்எல்லில் நீண்ட காலம் நின்றார். அந்த வழியை ஆட்டத்துக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள், பட்டத்துக்காகத் தேர்ந்தெடுங்கள்.

பணம் பற்றியும் பேசிவிடலாம், வீட்டில் சண்டையே அதில்தான் என்று தோன்றுகிறது. 2025-26 சீசனில் என்எச்எல்லின் குறைந்தபட்சச் சம்பளம் 7,75,000 அமெரிக்க டாலர். அக்கம்பக்கத்தில் எல்லாரும் சொல்வது இந்தத் தொகையைத்தான். ஆனால் புதிதாக வருபவர் போடும் முதல் ஒப்பந்தம் டூ-வே. ஏஎச்எல்லில் ஆடும் நாள்களுக்கு அதில் கிடைக்கும் ஆண்டுச் சம்பளம் ஒரு லட்சம் டாலரைத் தொடாது. வரி, ஏஜென்ட் கமிஷன், கோடைப் பயிற்சிச் செலவு எல்லாம் அதற்குள். 18 முதல் 21 வயதுக்குள் கையெழுத்திட்டால் அந்த முதல் ஒப்பந்தம் மூன்று ஆண்டு. 22, 23 வயதில் போட்டால் இரண்டு ஆண்டுதான். கல்லூரி முடித்து வருபவருக்கு இதனால் ஒரு நன்மை உண்டு, அடுத்த ஒப்பந்தம் பேசும் காலம் சீக்கிரம் வரும். ஏஎச்எல் அணி மட்டும் தனியாகக் கொடுக்கும் ஒப்பந்தம் வேறு. அதை என்எச்எல் ஒப்பந்தம் என்று நினைத்து யாரும் ஏமாற வேண்டாம்.

யார் வந்து "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாலும், என்எச்எல் வீரர்கள் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற ஏஜென்டா என்று கேளுங்கள். முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாக இதைச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்து காரில் வரும்போது தவறுகளைப் பட்டியல் போட வேண்டாம். மூலையில் பக்கை இழந்தது அவனுக்கே தெரியும், மறுநாள் காலை வீடியோவில் கோச் காட்டத்தான் போகிறார். கோச்சுக்குப் போன் செய்து "ஏன் என் பையனுக்கு நேரம் குறைவு" என்றும் கேட்க வேண்டாம். அதைப் பையனே போய்க் கேட்கட்டும், "பெனால்டி கில்லில் இடம் பிடிக்க நான் எதைத் திருத்த வேண்டும்" என்று. (நம் ஆள் தண்டனையில் வெளியே இருக்கும்போது தடுத்து ஆடுவதுதான் பெனால்டி கில்.) அணிகளுக்காக வீரர்களைத் தேடி வரும் ஸ்கவுட்கள் கோச்சிடம் விசாரிக்கும்போது இந்த மாதிரிப் பேச்சுகள் எல்லாம் வெளியே வரும்.

அடிபடுவதையும் சொல்லாமல் விட முடியாது. தலையில் அடிபட்டு மயக்கம், வெளிச்சம் கூசுவது, தூக்கம் கெடுவது என்று எதைச் சொன்னாலும் டாக்டர் சரி என்று சொல்லும் வரை ஆட்டமே வேண்டாம். ஸ்கவுட் வருகிறார் என்று மறைத்து ஆடப் பார்ப்பான். அணியின் ஊரில் அவன் தங்கியிருக்கும் வீட்டு அம்மாவிடம் நீங்களே பேசி வையுங்கள், கவனித்தால் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

இனி செய்ய வேண்டியது. இந்த வாரம் தம்பியின் பள்ளி மதிப்பெண் சான்றிதழ்களை வாங்கி எனக்கு அனுப்புங்கள், 16 பாடக் கணக்கைச் சேர்ந்து பார்ப்போம். ஓஎச்எல் அணியோடு போட்ட ஒப்பந்தத்தில் உதவித்தொகைப் பக்கத்தைத் தேடி எடுங்கள். எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், தொழில்முறை ஒப்பந்தம் போட்டால் அது என்ன ஆகும் என்ற இரண்டு வரிகளையும் அடிக்கோடிடுங்கள். ஜூலையில் என்எச்எல் அணிகள் நடத்தும் டெவலப்மென்ட் முகாம்களுக்கு டிராஃப்டாகாத பையன்களையும் அழைப்பார்கள். அதற்கு அவனுடைய ஏஜென்ட் இப்போதே பேசத் தொடங்க வேண்டும். அடுத்த முறை பேசும்போது தம்பியும் அப்பாவும் ஒரே அறையில் இருக்கட்டும். முதலில் தம்பி பேசட்டும்.