எல்லையில் வரி உண்டா?

கேள்வி: குமுளியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறோம். முதன்முறையாகத் துபாய்க்குச் சரக்கு அனுப்ப இருக்கிறோம். தூத்துக்குடி வழியாக அனுப்பினால் தமிழக எல்லையில் சுங்கம் கட்ட வேண்டுமா?
– வாசகர், குமுளி

பதில்: வேண்டியதில்லை. சுங்கம் என்பது நாட்டின் எல்லைக்கு உரியது. மாநில எல்லைக்கு அன்று. வணிகவரிச் சோதனைச் சாவடிகளும் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதே எடுக்கப்பட்டுவிட்டன. எனினும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கை எடுத்துச் செல்ல இணையத்தில் பெறும் மின்னணுச் சீட்டு) இன்றி லாரியைக் கிளப்பாதீர்கள். அதன் செல்லுபடிக் காலம் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அமைவதால், மலைப்பாதையில் வண்டி பழுதாகி நின்று தாமதமானால், அக்காலம் முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்போ முடிந்த எட்டு மணி நேரத்துக்குள்ளோ நீட்டித்துக்கொள்வது நல்லது.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது துறைமுகத்தைப் பற்றித்தான். வெளிநாட்டு வணிக இயக்குநரகம் வழங்கும் ஐஇசி எனப்படும் ஏற்றுமதி-இறக்குமதியாளர் எண்ணோடு, நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்றுமதியாளர் பதிவுச் சான்றும் ஏலக்காய்க்குக் கட்டாயம். புதியவர்கள் பலர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். ஐஇசி விவரங்களை ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்திற்குள் இணையத்தில் உறுதிசெய்யாவிட்டால் எண் முடக்கப்படும் என்பதால், எதுவும் மாறாவிட்டாலும் அதைச் செய்துவிடுங்கள். ஜிஎஸ்டி கட்டாமல் ஏற்றுமதி செய்ய, உறுதிமொழிக் கடிதத்தை ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகப் பதிய வேண்டும். உங்கள் வங்கியின் ஏடி குறியீட்டை (அந்நியச் செலாவணி வணிகத்துக்கு அனுமதி பெற்ற வங்கிக் கிளையின் எண்)த் துறைமுகச் சுங்கத்தில் முன்கூட்டியே பதிந்த பிறகே ஷிப்பிங் பில் என்னும் ஏற்றுமதிச் சுங்க ஆவணத்தைத் தாக்கல் செய்ய இயலும். சரக்கு துறைமுகம் சேர்ந்தபின் இதற்காக அலைவது வீண் செலவு.