பாஸே சேம்பிள்: 'ஃபி'யும் 'ஃப்யு'வும் குழம்பாமல் இருக்க

வணக்கம். பிரெஞ்சு நாவல்களுக்காக, பாஸே சேம்பிள் என்னும் எழுத்துவழக்கு இறந்தகாலத்தின் வடிவங்களை மூவிடத்துக்கும் அட்டவணையாக மனப்பாடம் செய்தும், படிக்கும்போது 'ஃபி'யும் 'ஃப்யு'வும் குழம்புவதாக எழுதியிருந்தீர்கள். அந்த அட்டவணையைச் சில வாரங்களுக்கு மூடி வையுங்கள். இன்றைய பேச்சில் வழங்காத இந்தக் காலம், கதைகளில் பெரும்பாலும் படர்க்கையிலேயே வருவதால், அதன் ஒருமையும் பன்மையும் தெரிந்தாலே பக்கங்கள் நகரும்.

ஒழுங்கற்ற வினைகளை உயிரொலியால் பிரித்துக்கொள்ளுங்கள். 'செய்' எனப் பொருள்படும் ஃபேர், 'ஃபி' என இகரம் ஏற்கும். 'இரு' எனப் பொருள்படும் எத்ர், 'ஃப்யு' என உகரச் சாயல் பெறும். மூக்கொலி ஏற்பவை 'வா' எனப் பொருள்படும் வெனீர், 'பிடி' எனப் பொருள்படும் தெனீர் ஆகிய இரண்டும் அவற்றின் கூட்டு வினைகளும் மட்டுமே.

பேச்சு வழக்கின் இறந்தகால எச்சம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால், 'படி' என்னும் லீரின் 'ல்யு', 'எடு' என்னும் ப்ராந்த்ரின் 'ப்ரி' போன்றவை அதே ஒலியில் கிடைத்துவிடும். ஆனால் 'பார்' என்னும் வுவாரின் எச்சம் 'வ்யு', பாஸே சேம்பிளோ 'வி'. அதே எழுத்துகள்தாம் 'வாழ்கிறான்' என்பதற்கும் வருகின்றன. ஆகவே 'வி'யைக் கண்டால் சுற்றியுள்ள வினைகளின் காலத்தைப் பாருங்கள். 'வாழ்ந்தான்' என்பது 'வேக்யு'.