ராண்ட் ஏன் அதே எண்ணைத் தருகிறது?

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரித் திட்டப்பணிக்காக, உட்லண்ட்ஸ் முனையத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தை (4 முதல் 9 நிமிடம்) மேட்லேப் என்ற கணிப்பு மென்பொருளில் சிமுலேஷன் செய்கிறேன். மென்பொருளைத் திறக்கும்போதெல்லாம், 0க்கும் 1க்கும் இடையே ஒரு தற்செயல் எண்ணைத் தரும் ராண்ட் (rand) கட்டளை முதலில் 0.8147 என்றே தருகிறது. 4 + 5 × ராண்ட் என்று கணக்கிட்டு விடையை முழு எண்ணாக்கினால், 4, 9 இரண்டும் மற்ற எண்களைவிடக் குறைவாக வருகின்றன. ஏன்?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: முதலாவது பிழையே அல்ல. மேட்லேப் ஒவ்வொரு முறையும் மெர்சென் ட்விஸ்டர் என்ற தற்செயல் எண் உருவாக்கும் முறையை 0 என்ற விதையுடன் (வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்) தொடங்குகிறது. விதை ஒன்றானால் வரிசையும் ஒன்றுதான். பிழை திருத்தும்போது இது பெரிய வசதி, விட்டுவிடாதீர்கள். வேறு வரிசை வேண்டுமானால் ஆர்என்ஜி (rng) கட்டளைக்கு 'ஷஃபில்' (shuffle) கொடுங்கள், நிரலின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை. அது கடிகாரத்தைப் பார்த்து விதை எடுப்பதால், வேகமாக ஓடும் சுழலுக்குள் வைத்தால் அதே விதை திரும்ப வரக்கூடும். பயன்படுத்திய விதையை அறிக்கையில் குறித்துவையுங்கள்.

இரண்டாவதுதான் உண்மையான பிழை. 4 + 5 × ராண்ட் என்பது 4க்கும் 9க்கும் இடையே சீராகப் பரவிய பின்ன எண்களைத் தரும், அதுவரை சரி. அதை ரவுண்ட் செய்ததும் (அருகிலுள்ள முழு எண்ணாக்கியதும்) 5 என்ற விடைக்கு 4.5 முதல் 5.5 வரை முழு ஓர் அலகு கிடைக்கிறது. 4க்கோ 4 முதல் 4.5 வரை அரை அலகுதான், 9க்கும் அப்படியே. ஆகவே ஓரங்களுக்கு 10 விழுக்காடு, நடு எண்களுக்கு 20 விழுக்காடு. இதற்குப் பதிலாக, முழு எண்களையே தரும் ராண்ட்-ஐ (randi) என்ற கட்டளைக்கு 4, 9 என்ற எல்லைகளைக் கொடுங்கள். அல்லது 6 × ராண்டை ஃப்ளோர் செய்து (பின்னப் பகுதியை நீக்கி) 4ஐக் கூட்டுங்கள். ஆறு எண்களுக்கும் சம வாய்ப்பு கிடைக்கும். நிமிடத்தைப் பின்னமாகவே வைத்துக்கொள்ள முடிந்தால் ரவுண்டே வேண்டாம்.