ஆர்ஜினினா, சிட்ருலினா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நானும் நண்பரும் ஒரே டப்பாவிலிருந்துதான் ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத் தூளை எடுத்துக் குடிக்கிறோம். எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்குகிறதே, ஏன்?

பதில்: எத்தனை கிராம் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரே வேளையில் 9 கிராமைத் தாண்டும்போது பலருக்கு வயிற்றுப்போக்கு வருகிறது. உறிஞ்சப்படாமல் குடலில் தங்கும் ஆர்ஜினின் தண்ணீரை அங்கே இழுத்துக்கொள்வது அதற்கு ஒரு காரணம். தாங்கும் அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், உங்கள் அளவைக் குறைத்து இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் பாருங்கள்.

கேள்வி: உடலில் ஆர்ஜினின் கூட வேண்டுமென்றால் சிட்ருலின் என்னும் இன்னொரு அமினோ அமிலத்தைச் சாப்பிடச் சொல்கிறார்கள். இது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதல்லவா?

பதில்: அப்படித்தான் தோன்றும், ஆனால் இங்கே சுற்றுவழிதான் லாபம். வாய்வழி உட்கொள்ளும் ஆர்ஜினினில் கணிசமான பங்கை, குடல் சுவரிலும் கல்லீரலிலும் உள்ள ஆர்ஜினேஸ் என்னும் நொதி, ரத்த ஓட்டத்தில் பரவுவதற்கு முன்பே ஆர்னிதினாகவும் யூரியாவாகவும் உடைத்துவிடுகிறது. சிட்ருலினோ பெரும்பாலும் கல்லீரலில் சிக்காமல் சிறுநீரகத்தை அடைந்து, அங்கே ஆர்ஜினினாக மாறி ரத்தத்தில் சேர்கிறது. (1914இல் ஜப்பானில் தர்பூசணிச் சாற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதால், அப்பழத்தின் தாவரவியல் பெயரான சிட்ருல்லஸ் இதற்கு ஒட்டிக்கொண்டது.) இருப்பினும், ரத்தக் குழாய்களை விரியச் செய்யும் நைட்ரிக் ஆக்ஸைடு உண்டாவதற்குத் தேவையான ஆர்ஜினின் ஆரோக்கியமான இளைஞர் உடலில் ஏற்கெனவே போதுமான அளவு இருப்பதால், எதை உட்கொண்டாலும் சிலர் வித்தியாசமே உணர்வதில்லை.

கேள்வி: 8 கிராம் சிட்ருலின் மாலேட் குடித்தும் பலனில்லை.

பதில்: டப்பாவின் லேபிளைப் பாருங்கள். 2:1 என்பது எடை விகிதமானால், 8 கிராமில் சிட்ருலின் சுமார் 5.3 கிராம்தான், மீதி மாலிக் அமிலம்.

கேள்வி: சைவம் சாப்பிடும் எனக்கு, தசைக்கு ஆற்றல் தரும் கிரியேட்டின் நன்றாக வேலை செய்தது. தினமும் மீன் சாப்பிடும் தம்பிக்கு ஏன் இல்லை?

பதில்: ஆர்ஜினின், கிளைசின், மெத்தியோனின் ஆகியவற்றிலிருந்து உடலே கிரியேட்டினைத் தயாரிக்கிறது, மீனும் இறைச்சியும் அதனுடன் மேலும் சேர்க்கின்றன. தம்பியின் தசையில் பாத்திரம் ஏற்கெனவே நிரம்பியிருக்கலாம், உங்களுடையதில் இடம் அதிகம் இருந்திருக்கும்.

கேள்வி: அப்பாவுக்குப் போன மாதம் மாரடைப்பு வந்தது. ரத்தக் குழாய் விரிவதற்கு ஆர்ஜினின் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மாரடைப்புக்குப் பின் ஆர்ஜினின் கொடுத்துப் பார்த்து 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அதை உட்கொண்ட குழுவில் 6 பேர் இறந்தனர். மற்றக் குழுவில் யாரும் இறக்கவில்லை. ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே நிறுத்திவிட்டு, இதயநோய் மருத்துவரிடம் அந்த டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.